நாற்பது நாட்டுக்கும் ஒரு வார்த்தை

உனக்குக் கவலை இருக்கிறதா என்று கேட்டு ஒருவன் வீடு தேடி வந்தது, செல்லபாயின் ஐம்பத்திரண்டு வயதில் அதுதான் முதல் தடவை. அதனால் அவள் கதவை முழுசாகத் திறக்கவில்லை. கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், காலில் பாலிஷ் கலையாத ஷூ. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஒன்று சீட்டுக் கம்பெனி, இல்லாவிட்டால் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் என்பது காஞ்சாம்விளையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் மக்களே," என்றாள்.

"நான் விக்க வரல்ல அக்கா. எடுக்க வந்திருக்கேன்," என்றான் அவன். "ஒங்களுக்க கவலைய."

அவள் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள்.

வந்தவன் பெயர் வினோஜ். தோஹாவில் ஆறு வருஷம் ஆள் எடுக்கும் ஆபீசில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் திறந்திருந்த 'நாற்பது நாட்டு நல்லிணக்க வர்த்தக உடன்படிக்கை சமூக, சுற்றுச்சூழல் கவலைகள் பதிவு மைய'த்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர். அறை சின்னது, பெயர் பெரிசு. அதனால் போர்டின் கடைசிப் பகுதி பக்கத்துப் பல் டாக்டரின் சுவரில் போய் முடிந்திருந்தது. பல்வலிக்காரர்கள் சிலர் தவறுதலாக அங்கே ஏறிப்போய், பெயரையும் முகவரியையும் கொடுத்துவிட்டு, வலியோடு இறங்கி வந்திருக்கிறார்கள்.

சங்கதி இதுதான். நாற்பது நாடுகள் கூடி ஒரு உடன்படிக்கை போடப்போகின்றன. அவர்கள் சரக்கு இங்கே தடையில்லாமல் வரும், நம் சரக்கு அங்கே தடையில்லாமல் போகும் என்று பேச்சு. கையெழுத்துப் போடுவதற்குமுன் ஜனங்களின் கவலைகளைக் கேட்க வேண்டும் என்று அதிலேயே ஒரு விதி இருக்கிறது. கேட்டபிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதி இல்லை. மாவட்டத்துக்குக் குறைந்தது ஒரு கவலையாவது வேண்டும். கடற்கரைக்காரர்கள் ஒரு வேன் நிறைய கவலையோடு வந்தார்கள். ஆனால் முதலில் உடன்படிக்கையைப் படிக்கத் தாருங்கள் என்று கேட்டுவிட்டார்கள். அவர்களை 'ஒத்துழையாதோர்' என்ற பத்தியில் எழுதியாயிற்று. மூன்று வாரமாக மையத்தில் கவலையே இல்லை. அந்தக் கவலையில் வினோஜ் தூங்கவில்லை.

செல்லபாயின் மருமகள் பிரிஜா பி.காம் படித்தவள். அவள் வெளியே வந்து அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமி, இவரு சொல்லுகது உள்ளதுதான். மருந்து காரியத்தச் சொல்லுங்க."

மருந்து காரியம் என்பது செல்லபாயின் உயிர் காரியம். அவளிடம் எண்பது தேன்பெட்டிகள் உண்டு. மகன் லிபின் மஸ்கட்டில் இருந்தாலும் அவன் அனுப்புவது அவன் கடனுக்கே சரியாகப் போகும். வீட்டில் அடுப்பெரிவது தேனில்தான். தை பிறந்ததும் ரப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டுக் கொழுந்து விடும். கொழுந்தின் காம்பில் தேன் கசியும். அந்த இரண்டு மூன்று மாதம்தான் சீசன், வருஷத்தின் மற்ற நாட்களெல்லாம் அதற்கான காத்திருப்பு. அதே கொழுந்துக்குத்தான் பூஞ்சை நோயும் வரும், அதே நாட்களில்தான் மருந்தும் அடிப்பார்கள், பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை. முன்பு கந்தகப் பொடி தூவினார்கள். போன வருஷத்திலிருந்து நாற்பது நாடுகளில் ஒன்றின் திரவ மருந்து, டிரோனில். உடன்படிக்கை இன்னும் கையெழுத்தாகவில்லை, மருந்து மட்டும் அவசரப்பட்டு 'முன்னோட்ட'மாக வந்துவிட்டது. அந்த மருந்தை அந்த நாட்டில் அடிக்கத் தடை உண்டு. விற்கத் தடையில்லை.

இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல வினோஜின் முகம் மலர்ந்தது. "எக்கா! பெண், சிறு உற்பத்தியாளர், சுற்றுச்சூழல். மூணு கட்டத்துலயும் டிக் அடிக்கலாம். இப்பிடி ஒரு கவலைய நான் எதிர்பாக்கவே இல்ல!"

தன் கவலையைக் கேட்டு ஒருவன் இவ்வளவு சந்தோஷப்படுவது செல்லபாய்க்கு நல்லதாகப் படவில்லை.

மறுநாள் மையத்துக்குப் போனாள். பதினாறு பக்கப் படிவம். கூடவே, தான் கவலைப்பட்டதை நேரில் கண்ட இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, கவலை தெளிவாகத் தெரியும்படியான பாஸ்போர்ட் அளவு படம். ஸ்டுடியோக்காரன் பழக்கதோஷத்தில் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லி முதல் படத்தைக் கெடுத்தான். இரண்டாவது படத்தில் அவள் முகத்தில் இருந்தது கவலை அல்ல, சந்தேகம். மையத்தில் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

பதினோராம் பக்கத்தில் ஒரு கேள்வி. 'உடன்படிக்கையின் எந்தப் பிரிவு குறித்துக் கவலைப்படுகிறீர்கள்?'

"அதப் பாத்தாத்தானே சொல்ல முடியும்? ஒண்ணு தாங்க," என்றாள் பிரிஜா.

"அது ரகசியம்," என்றான் வினோஜ். "கையெழுத்து ஆன பிறவு வெளியிடுவாவ."

"அப்ப வந்து எழுதித் தரட்டா?"

"அப்பம் கவலைப்பட முடியாது. கையெழுத்துக்கு முந்தினநாள் அஞ்சு மணியோட கவலை குளோஸ்."

செல்லபாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் வினோஜே அவளுக்காக 'எல்லாப் பிரிவும்' என்று எழுதினான். பிறகு பயந்துபோய் 'எல்லாப் பிரிவும் நன்று' என்று திருத்தினான்.

கலந்தாய்வுக் கூட்டம் கன்னியாகுமரியில், கடல் தெரியும் ஒரு பெரிய லாட்ஜில். தேன்பெட்டியும் ரப்பரும் மேற்கே இருக்க, கூட்டம் ஏன் அங்கே என்று கேட்கக்கூடாது. தலைமையகத்திலிருந்து வரும் இயக்குநர் சூரிய உதயம் பார்த்ததில்லை. கூட்டம் காலை ஆறு மணிக்கு. அன்று மேகம். இயக்குநர் சூரியனுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, ஏமாற்றத்தோடு உள்ளே வந்து மைக்கைப் பிடித்தார். சுவரில் தொங்கிய திரையில் நாற்பது சின்னச் சின்னக் கட்டங்கள். ஆறேழு கட்டத்தில் முகங்கள், மற்றவற்றில் வெறும் நாற்காலிகள்.

"அன்பார்ந்த பாதிக்கப்படவிருக்கும் பெருமக்களே," என்று ஆரம்பித்தார் இயக்குநர். நல்ல தமிழ். "இந்த உடன்படிக்கை முழுக்க முழுக்க வெளிப்படையானது. யாரும் படித்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு வெளிப்படையானது. இயற்கையை நாங்கள் எவ்வளவு மதிக்கிறோம் என்பதற்கு ஒரே ஒரு சான்று. இருபத்து நான்காம் அத்தியாயம் முழுவதையும் இயற்கைக்கே ஒதுக்கியிருக்கிறோம். அதில் என்ன இருக்கிறது என்பதை நான் சொல்ல இயலாது. நானும் பார்க்கவில்லை. ஆனால் அதன் அட்டை பச்சை நிறம் என்று நம்பகமான வட்டாரங்கள் தெரிவிக்கின்றன."

முன்வரிசையில் கைதட்டினார்கள். முன்வரிசை முழுக்க மையத்தின் ஊழியர்கள்.

"சிலர் கேட்கிறார்கள், எங்கள் கவலையை நீங்கள் போக்குவீர்களா என்று. நான் நேர்மையாகச் சொல்கிறேன். போக்குவது எங்கள் வேலை அல்ல. பதிவது எங்கள் வேலை. கவலைகள் எல்லாம் போய்விட்டால் நாங்கள் எதைப் பதிவது? ஆகவே உங்கள் கவலை நீடிப்பதில் எங்களைவிட அக்கறை கொண்டவர்கள் இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை என்று உறுதியளிக்கிறேன்."

பிறகு மாவட்டத்தின் கவலை மேடைக்கு அழைக்கப்பட்டது. அதாவது செல்லபாய். வட்டாரமொழியை அலுவல்மொழியாக்க ஒருவர் பக்கத்தில் நின்றார்.

திரையில் ஒரு முகம் முதல் கேள்வி கேட்டது. "உங்கள் தேனீக்கள் தேன் எடுக்க எங்கே போகின்றன என்பதற்கு ஆவணம் உண்டா?"

"அதுவ பறந்து போவும் சாரே. நான் கூடப் போகமாட்டேன்."

"எல்லை தாண்டி அண்டை மாநிலத்துக்குப் போனது உண்டா?"

"போயிருக்கும். களியக்காவிளையில நிறுத்திக் கேக்க ஒக்குமா?"

இதை மொழிபெயர்ப்பாளர் 'சோதனைச் சாவடியில் குறைபாடு' என்று எழுதிக்கொண்டார்.

இயக்குநர் கனிவோடு கேட்டார். "அம்மா, போன வருஷமும் இதே மருந்து அடித்தார்களே. உங்கள் தேனீக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எங்கள் குறிப்பு சொல்கிறது. அப்படியென்றால் மருந்து பாதுகாப்பானதுதானே?"

இந்த இடத்தில்தான் செல்லபாய் தப்புச் செய்தாள். உண்மையைச் சொன்னாள்.

"அது மருந்துக்க குணம் இல்ல சாரே. சுயம்பண்ணனுக்க குணமாக்கும். அவருக்க தோட்டத்துலதான் எனக்க பெட்டியெல்லாம் வச்சிருக்கேன். பத்துப் பெட்டிக்கு ஒரு குப்பி தேன் நான் குடுப்பேன். மருந்தடிக்க முந்தின நாளு சாயங்காலம் அவரு வந்து ஒரு வார்த்த சொல்லுவாரு. நாங்க போய் ஈரச்சாக்கு வச்சுப் பெட்டி வாசலு அடப்போம். மறுநாள் மருந்து காஞ்ச பிறவு தொறப்போம். பதினெட்டு வருஷமா இதாக்கும் எங்களுக்க ஒப்பந்தம். எல்லாத் தோட்டத்துலயும் இப்பிடி ஒரு வார்த்த சொல்லணும்னு ஒரு சட்டம் போட்டா மதி. வேற ஒண்ணும் வேண்டாம்."

"எழுத்துப்பூர்வமாக இருக்கிறதா?"

"எதுக்கு? அவரு சொன்னா சொன்னதாக்கும்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் திரையில் வெறும் நாற்காலியாக இருந்த கட்டங்களில்கூட மனிதர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இயக்குநர் மைக்கை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். செல்லபாய்க்குப் பெருமையாகக்கூட இருந்தது. தான் சொன்னதை நாற்பது நாட்டுக்காரர்களும் புத்தகத்தில் தேடுகிறார்களே.

கூட்டம் முடிந்ததும் அவளை ஜன்னலோரம் நிறுத்தி இன்னொரு படம் எடுத்தார்கள். இந்தத் தடவை சிரிக்கச் சொன்னார்கள். "கவலைக்கு முன், கவலைக்குப் பின், ரெண்டும் வேணும்க்கா," என்றான் வினோஜ். மதியச் சாப்பாட்டில் இனிப்போடு தொட்டுக்கொள்ளத் தேன் வைத்திருந்தார்கள். செல்லபாய் விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தாள். மழைக்காலத்தில் வெளியே தீனி கிடைக்காதபோது தேனீக்குக் காய்ச்சி வைக்கிற சீனித்தண்ணியின் ருசி. குப்பியில் ஏதோ ஒரு நாட்டின் கொடி இருந்தது.

இரண்டாம் நாள் சுயம்புவுக்கு நோட்டீஸ் வந்தது.

சுயம்பு ஐயாவழிக்காரர். ஞாயிறு தவறாமல் நிழல்தாங்கலுக்குக் கும்பிடப் போவார். வாயில் வீண்வார்த்தை வராது. வந்த வார்த்தை மாறாது. அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குற்றச்சாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மார்த்தாண்டம் மாடிப்படி ஏறினார்.

"நீங்க ஒருத்தருக்கு மட்டும் சலுகை குடுத்திருக்கிய," என்றான் வினோஜ். அவனுக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது. அதனால் நோட்டீசைப் பார்த்து வாசித்தான். மருந்தைப்போல இந்த விதியும் 'முன்னோட்ட'மாக முந்திக்கொண்டு வந்திருந்தது. "'ஒரு நாட்டுத் தேனீ வளர்ப்போருக்கு அளிக்கப்படும் எந்த முன்னறிவிப்பும் மற்ற முப்பத்தொன்பது நாட்டுத் தேனீ வளர்ப்போருக்கும் அதே நேரத்தில், சமமாக, அவரவர் ஆட்சிமொழியில், அறுபது நாட்களுக்கு முன்பாக அளிக்கப்பட வேண்டும். மாறாக ஒருவருக்கு மட்டும் சொல்வது வர்த்தகத்துக்கு மறைமுகத் தடை.'"

"லேய் வினோஜே, கம்பெனிக்காரன் எனக்கே முந்தின நாளுதான் மெசேஜ் அனுப்புகான். அறுவது நாளைக்கு முன்ன நான் எங்ஙன சொல்ல?"

"அதுக்கு இதுல ஒண்ணும் போடல்ல அண்ணா."

"அந்தப் பிள்ளைக்கிட்ட ஒரு வார்த்த சொன்னா அவியளுக்கு என்ன நட்டம்?"

வினோஜ் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணா, இஞ்ச உள்ள தேனீ செத்தாத்தானே அங்க உள்ள தேனு விக்கும்? நான் இத பறஞ்சேன்னு வெளிய சொல்லிராதிய."

கையெழுத்துப் போடாவிட்டால் சுயம்புவின் ரப்பர் ஷீட்டை எந்த வியாபாரியும் வாங்க முடியாதபடி பட்டியலில் பெயர் ஏறிவிடும். அவர் உறுதிமொழியைக் கண்ணாடி போட்டு நான்கு தடவை படித்தார். 'மருந்து தெளிக்கும் நாளை வாயாலோ, எழுத்தாலோ, சைகையாலோ, கண்ஜாடையாலோ, மூன்றாம் நபர் மூலமோ மேற்படி செல்லபாய்க்குத் தெரிவிக்க மாட்டேன்.' பத்து ஆட்கள் அவர் தோட்டத்தில் பால்வெட்டிப் பிழைக்கிறார்கள். கையெழுத்துப் போட்டார். பெரிய வர்த்தக மூளைகள் இந்த இடத்தில் ஒரு காரியத்தைக் கண்டுகொள்ளவில்லை. பதினெட்டு வருஷம் செல்லபாயிடம் சொன்ன சொல்லைக் காத்த மனுஷன், அவர்களிடம் கொடுத்த சொல்லையும் காப்பாற்றியே தீருவார். அல்லது கண்டுகொண்டுதான் கையெழுத்து வாங்கினார்களோ என்னவோ.

ஊரில் செய்தி வேறு மாதிரி வந்து சேர்ந்தது. சுயம்பு மார்த்தாண்டத்தில் ஏதோ பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். செல்லபாயின் பெயர் அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் இந்த வழியாக நடப்பதும் இல்லை. செல்லபாய் பிரிஜாவிடம் சொன்னாள், "பெட்டி வைக்க எடத்த வேற ஆளுக்குப் பேசிட்டாரு போலிருக்கு. மனுஷன நம்பப்பிடாது பிள்ளே." பதினெட்டு வருஷத்தில் அவள் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

தை கடைசி வாரம். கொழுந்து விட்டு, தோட்டம் முழுக்கத் தேனீ இரைச்சல். ஒரு நாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு சுயம்பு வந்து செல்லபாயின் கேட்டுக்கு முன்னால் நின்றார்.

நின்றார், அவ்வளவுதான். கும்பிடவில்லை, கூப்பிடவில்லை.

"என்னண்ணா, குப்பிக்கா வந்திய? சீசன் முடியட்டு, எப்பவும்போல கொண்டு தருவேன்," என்றாள்.

அவர் பேசவில்லை.

"பெட்டிய எடுக்கச் சொல்ல வந்தியளா?"

அவர் தலையைக்கூட அசைக்கவில்லை. தலையசைப்பது சைகை. கண்ணை அவள்மேல் வைக்காமல் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணைப் பார்த்தால் அது கண்ஜாடை ஆகிவிடுமே. ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்? முகம்கொடுக்காமல் நிற்கிற மனிதன் எதையோ ஒளிக்கிறான் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

"வாயத் தொறந்து பறஞ்சா என்ன?" செல்லபாயின் குரல் உயர்ந்தது. "மாடியில அவனுவகிட்ட மட்டும் நல்லாப் பேசினியளாமே! எனக்கு முன்னால வந்து எதுக்கு மரம்போல நிக்கிய?"

கதவை அறைந்து சாத்தினாள். ஜன்னல் வழியாகப் பிரிஜா பார்த்தபோது அவர் பத்து நிமிஷம் அப்படியே நின்றுவிட்டு, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டிரோன் சத்தம் கேட்டது. இரண்டு பெண்களும் சாக்கை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியிலேயே மருந்து வாடை வந்துவிட்டது. தேனீக்களெல்லாம் எப்போதோ வெளியே போயிருந்தன, அடைக்க ஒன்றும் இல்லை. பதினோரு மணிவாக்கில் ஒவ்வொரு பெட்டி வாசலிலும் தவிடு கொட்டினதுபோல அவை விழுந்து கிடந்தன. சில பாதி உயிரோடு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. செல்லபாய் ஒவ்வொரு பெட்டியாகக் காதை வைத்துக் கேட்டாள். ஓடைப்பக்கத்துச் சரிவில் டிரோன் இறங்கவில்லை. அங்கே பத்தொன்பது பெட்டியில் இரைச்சல் இருந்தது. மற்ற அறுபத்தொன்றில் இல்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. தன்மேல்தான் ஆத்திரம் வந்தது, எதற்கு அந்த மேடையில் வாயைத் திறந்தோம் என்று. அதற்குப் பிறகுதானே சுயம்பு வாயை மூடினார்.

சுயம்பு அங்கே வந்தார். கீழே கிடந்தவற்றை மிதிக்காமல் காலை எடுத்து வைத்து நடந்து வந்தார். மருந்து அடித்தாகிவிட்டது. இனி வாய் திறக்க விதி தடுக்காது.

"நேத்து நான் வந்து நின்னேனே பிள்ளே," என்றார். "வாயாலயும் சைகையாலயும் சொல்லப்பிடாதுன்னு எழுதி வாங்கினாவ, நிக்கப்பிடாதுன்னு மட்டும் அதுல எழுதல்ல. அதுனாலயாக்கும் வந்து நின்னேன்."

செல்லபாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள்.

செத்த தேனீக்களை ஒரு பிஸ்கட் டின்னில் அள்ளிக்கொண்டு அவளும் பிரிஜாவும் மையத்துக்குப் போனார்கள். அன்று இயக்குநரே வந்திருந்தார். டின்னைத் திறந்து பார்த்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, இதை நான் வாங்க முடியாது. நீங்கள் பதிந்தது கவலை. கவலை என்பது நடக்கப்போவதைப் பற்றியது. இது நடந்துவிட்டது. நடந்துவிட்டதைப் பற்றிக் கவலைப்பட எங்கள் விதியில் இடமில்லை."

"அப்ப இத எங்க குடுக்க?"

"சம்பவங்களுக்கு முப்பத்தோராம் அத்தியாயம். அது இன்னும் எழுதப்படவில்லை. எழுதும்போது உங்களை நிச்சயம் அழைப்போம், கருத்துச் சொல்ல." பிறகு கோப்பைத் திறந்து அவளுக்கு ஆறுதலாகக் காட்டினார். 'கவலை எண் 1. தேனீக்கள் இறந்துவிடக்கூடும் என்பது. நிலை: இனி இறக்க வாய்ப்பில்லை. தீர்க்கப்பட்டது.'

வெளியே வரும்போது வினோஜ் படிவரை கூடவே வந்தான். டின்னை அவன் சுமந்தான், அதுவே பெரிய காரியம்.

ஜவுளிக்கடைக்கு எதிர்த்த சூப்பர் மார்க்கெட்டில் பிரிஜா, பக்கத்து வீட்டில் விட்டு வந்த தன் குழந்தைக்குப் பால்பொடி வாங்க ஏறினாள். இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்து மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாசலோரம் தேன் குப்பிகள் கோபுரமாக அடுக்கியிருந்தன. லாட்ஜில் பார்த்த அதே கொடி. அதன்கீழே ஜன்னலோரம் நின்று சிரித்துக்கொண்டிருக்கும் செல்லபாயின் படம். 'குமரி மாவட்டத் தேனீ வளர்ப்போரைக் கலந்தாலோசித்துத் தயாரித்தது.'

"மாமி, கேஸ் போடலாம்," என்றாள் பிரிஜா.

செல்லபாய் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணைக்குச் சிரின்னு சொன்னப்பவே எனக்கு ஒரு சந்தேகம் உண்டாச்சு மக்களே," என்றாள்.

இரண்டாவது தெளிப்புக்குப் பத்து நாள்போல இருந்தது. சரியாக எந்த நாள் என்று கம்பெனி முந்தின நாள்தான் சொல்லும், அதுவும் சுயம்புவிடம் மட்டும். பத்தொன்பது பெட்டிகளைத் தூக்கி வேறெங்கும் வைக்கவும் வழியில்லை, சுற்றுவட்டாரம் முழுக்க அதே டிரோன், அதே மருந்து. இந்தப் பத்தொன்பதும் போனால் அடுத்த வருஷம் இரண்டாகப் பிரித்துப் பெட்டிகளைப் பெருக்க ஒரு கூட்டமும் இல்லை. தேன் தொழிலே அவளுக்கு இல்லை. பிரிஜா சுயம்பு வீட்டுக்குப் போய் அந்த நோட்டீசை வாங்கி வந்து மூன்று நாள் படித்தாள். மூன்றாம் நாள் முதுகுப்பக்கத்தில், ஊறுகாய்ப் பாட்டில் எச்சரிக்கை அளவு எழுத்தில், ஒரு வரி கண்ணில் பட்டது. 'அவசர நிலையில், எந்த உறுதிமொழி இருந்தாலும், நாற்பது நாட்டினருக்கும் பாகுபாடின்றிப் பொது அறிவிப்பு மூலம் உடனடியாகத் தெரிவிக்கலாம்.'

"இதத்தான் தேடிட்டிருந்தேன்," என்றாள் பிரிஜா.

பத்தாம் நாள் சாயங்காலம் காஞ்சாம்விளைக்குள் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. எங்களூரில் மைக் கட்டிய ஆட்டோ வந்தால் யாரோ இறந்துவிட்டார்கள், அடக்கம் எத்தனை மணிக்கு என்று சொல்ல வருகிறது என்று அர்த்தம். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். ஆட்டோவின் பின்சீட்டில் நெற்றியில் நாமத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் சுயம்பு. கையில் மைக்.

"உலகெங்கிலும் உள்ள நாற்பது நாட்டுத் தேனீ வளர்ப்போர் அனைவருக்கும், பாகுபாடின்றி, சமமாகத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்," என்று அவர் கணீரென்று வாசித்தார். "நாளைக் காலை எட்டு மணிக்கு எனது தோட்டத்தில் மருந்து தெளிக்கப்படும். நாற்பது நாட்டினரும் தங்கள் பெட்டிகளை இன்றே அடைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்."

நாற்பது நாட்டில் அப்போதைக்கு ஒரே ஒரு பெண்மணிதான் சாக்கை நனைத்துக்கொண்டு ஓடினாள். அவள் பின்னால் மருமகள். இருட்டி, தேனீக்கள் கூடு திரும்பியதும் பத்தொன்பது வாசலும் அடைபட்டன. ஆட்டோ ஊர் ஊராகப் போனது. அடுத்த விளையில் மூன்று பேர், அதற்கடுத்ததில் ஏழு பேர் பெட்டி அடைத்தார்கள். மறுநாள் மத்தியானம் செல்லபாய் ஒவ்வொரு சாக்காக எடுத்தாள். அவை கோபமாக வெளியே வந்தன. இரண்டு அவள் கையில் கொட்டின. அவள் கையை உதறவில்லை. கொட்டுகிற அளவுக்கு உயிர் இருக்கிறதே என்று இருந்தது அவளுக்கு.

நான்காம் நாள் மையத்திலிருந்து சுயம்புவுக்கு இன்னொரு நோட்டீஸ் வந்தது. இந்த மாவட்டத்தில் பதிவான இரண்டாவது கவலை பற்றியது. அது பதிந்த அன்றே ஏற்கப்பட்டு, அன்றே நடவடிக்கையும் எடுக்கப்பட்டிருந்தது. சாட்சி கேட்கவில்லை, படமும் கேட்கவில்லை.

'கவலை எண் 2. மருந்து தெளிப்பு தொடர்பாக ஒலிபெருக்கியில் அறிவித்ததால் ஏற்பட்ட ஒலி மாசு. கடும் சுற்றுச்சூழல் பாதிப்பு. இனி எவ்விதச் சத்தத்தின் மூலமும் அறிவிக்கத் தடை.'

சுயம்பு அதை எடுத்துக்கொண்டு செல்லபாய் வீட்டுக்கு வந்தார். கேட்டைத் திறந்துவிட்டு அவள் அவரை உள்ளே உட்காரச் சொன்னாள். பிரிஜா வாசித்துக் காட்டினாள். காகிதத்தைத் திருப்பி முதுகையும் பார்த்தாள். இந்தத் தடவை அங்கே பொடி எழுத்து எதுவும் இல்லை. தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

"அடுத்த வருஷம் என்ன செய்ய பிள்ளே?" என்றார் சுயம்பு. "வாயும் அடச்சாச்சு, மைக்கும் அடச்சாச்சு."

செல்லபாய் சீசனின் முதல் தேனில் ஒரு குப்பியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். பத்துப் பெட்டிக்கு ஒன்று. பத்தொன்பதுக்கு ஒன்றுதான் வரும், ஆனால் அவள் இரண்டாவதையும் வைத்தாள்.

"நீங்க ஒண்ணும் பறயாண்டாம் அண்ணா," என்றாள். "அண்ணைக்கு வந்து நின்னியள்லா, அதுபோல சும்மா வந்து வாசல்ல நில்லுங்க. இனி எனக்கு வெளங்கும்."